இடி விழுந்த ஆறு மரம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கோபம். மீதிப் பாதிக்குக் காரணம் வண்டு.

1931இல் நான் மலாயாவில் பொந்தியான் கடற்கரையில் தென்னை இன்ஸ்பெக்டராக இருந்தேன். கிரகோரி என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. ‘வண்டு ஐயா’ என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். ஒரு சைக்கிள், ஒரு காக்கித் தொப்பி, நுனி வளைந்த ஒரு நீளக் கம்பி, ஒரு நோட்டீஸ் புத்தகம், இவ்வளவுதான் என் அதிகாரம். கடலோரத் தோப்புகளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுற்றி வரவேண்டும். கொம்பு வண்டு விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்க்கவேண்டும். வருஷம் முழுக்க அண்ணாந்து பார்த்து என் கழுத்தே ஒரு தினுசாகப் போய்விட்டது.

அந்த வண்டு தென்னையின் குருத்தைத் துளைத்துத் தின்னும். ஆனால் முட்டையிட்டுப் பெருகுவது பட்டுப்போன மரத்துக்குள்தான். அதனால் சட்டம் கண்டிப்பாக இருந்தது. தோப்பில் மரம் பட்டுப்போனால் சொந்தக்காரன் அதை வெட்டிப் பிளந்து எரித்துவிட வேண்டும். செய்யாவிட்டால் அபராதம். அதற்கும் மசியவில்லை என்றால் நில பர்மிட் ரத்து. முன்பெல்லாம் சர்க்காரே கூலி ஆட்களை அனுப்பி வெட்டும். ரப்பர் விலை விழுந்த பிறகு அந்த ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது நானும் என் சைக்கிளும்.

என் எல்லையில் இருந்த தோப்புகள் பெரும்பாலும் ஜாவாக்காரர்களுடையவை. கொஞ்சம் சீனர்கள். நிலம் வைத்திருந்த தமிழன் ஒரே ஒருவன், சின்னத்தம்பி. பத்து வருஷத்துக்கு முன் முதல் தடவை ரப்பர் விலை விழுந்தபோது ஒரு தோட்டத்தில் ஆட்குறைப்பு நடந்தது. மற்றவர்கள் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். இவன் மட்டும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்து, முட்டி வரை சேற்றில் நின்று காட்டை வெட்டி, நாலு ஏக்கர் தென்னை வைத்தான். அவன் மேல் எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையினாலேயே அவனிடம் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருந்தேன். நம்ம ஆள் என்று வண்டு ஐயா விட்டுக்கொடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

அந்த வருஷம் மாசி மாதச் சுற்றில் போனபோது தோப்பு கண்ணாடி மாதிரி இருந்தது. மழை ஓய்ந்து, பாரிட் என்று அங்கே சொல்லும் வாய்க்கால்களில் தண்ணீர் தெளிந்து நின்றது. கடல் தண்ணீர் உள்ளே வராமலிருக்கப் போட்ட மண்வரப்பின் மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். சின்னத்தம்பி எதிரே வந்தான். மழுமழுவென்று சவரம் செய்த முகம், முறுக்கிய மீசை, தோளில் துண்டு. இளநீர் வெட்டிக் கொடுத்தான். அவன் மனைவி வெள்ளையம்மா அடுப்படி வாசலில் நின்று சிரித்தாள். உயரமான பெண். கைகளைப் பார்த்தாலே காடு வெட்டின கை என்று தெரியும்.

“நாலு ஏக்கராவையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? யாரு திங்க இதெல்லாம்?” என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. வெள்ளையம்மா உள்ளே போய்விட்டாள்.

“மூணு போயிருச்சுங்க ஐயா” என்றான். “ஒண்ணு தோட்டத்துல, காய்ச்சல்ல. ரெண்டு இங்க, வயித்துலேயே. இனிமே ஒண்ணு தங்குனா அதுக்குத்தான் இந்த மரமெல்லாம். தங்கலைன்னா வண்டு தின்னுட்டுப் போகட்டும்.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நோட்டீஸ் புத்தகத்தில் ‘குறை இல்லை’ என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

சித்திரையில் இடி மழை வந்தது. அந்தக் கரையில் இடி என்றால் சும்மா சத்தம் போட்டுவிட்டுப் போகும் இடி இல்லை. ஒரு தென்னையில் விழுந்தால் சுற்றியிருக்கிற நாலைந்தும் சேர்ந்து செத்துப்போகும். வைகாசிச் சுற்றில் சின்னத்தம்பி தோப்புக்குப் போனபோது கடல் வரப்பை ஒட்டி ஆறு மரங்கள் மட்டை தொங்கி நின்றன. குருத்து கழன்று விழுந்துவிட்டது. சந்தேகமே இல்லை, எல்லாம் பட்டுப்போனவை.

சின்னத்தம்பியின் முகத்தில் இரண்டு மாதத் தாடி. மரத்தைப் பற்றிய கவலை என்று நினைத்துக்கொண்டேன். முப்பது நாள் கெடு வைத்து நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு “சரிங்க ஐயா” என்றான். வெள்ளையம்மாவைக் காணவில்லை. எங்கே என்று நானும் கேட்கவில்லை.

ஆவணி வந்தது. டுரியான் பழக் காலத்தின் கடைசி. பொந்தியான் கடைத்தெரு முழுக்க அந்த வாசனை. என் மனைவி லூசிக்கு அந்த வாசனை பட்டாலே குமட்டல், ஏனென்றால் அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். எங்களுக்கு அது தலைப்பிள்ளை. என் மாமியார் அமலோற்பவம் ஜொகூர் பாருவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். வந்த முதல் நாளே நான் கண்ணாடி முன்னால் சவரக் கத்தியோடு நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனார்.

“மாப்பிள்ளை, கத்தியக் கீழ வைங்க. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல புருஷன் சவரம் பண்ணக்கூடாது. மரம் வெட்டக்கூடாது. பொணத்துக்குப் பின்னால போகக்கூடாது. கடல்ல குளிக்கக்கூடாது. வயித்துல இருக்கிறது தங்காது.”

“அத்தை, நாம வேதக்காரங்க. இதெல்லாம் எந்தச் சாமியார் சொன்னது?”

“ஞானஸ்நானம் நமக்குத்தான் குடுத்தாங்க. நம்ம பயத்துக்கு யாரும் குடுக்கலை.”

சிரித்துக்கொண்டே சவரத்தை முடித்தேன். அதே வாரத்தில் சின்னத்தம்பி தோப்புக்குப் போனேன். கழுத்தை மறைக்கும் தாடியோடு, வெட்டாத ஆறு மரத்துக்குக் கீழே ஒரு மனுஷன் நின்றான். மாமியார் சொன்னது காதிலிருந்து இன்னும் இறங்கக்கூட இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் எனக்கு அதற்குள் கோபம் வந்துவிட்டது.

ஒரு மரத்தின் அடியில் கம்பியை விட்டு நெம்பினேன். பட்டை பெயர்ந்து, கட்டை விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் பொதபொதவென்று விழுந்தன. எல்லாம் வண்டுக் குஞ்சு. பாரிட்டுக்கு அந்தப் பக்கம் சாரிப் என்ற ஜாவாக்காரரின் தோப்பு. அவருடைய இளமரங்களில் பதினொன்றுக்கு மட்டைகள் கத்தரியால் வெட்டினது மாதிரி ஆகிவிட்டிருந்தன. நல்ல மனுஷர் அவர். ஒரு புகார்கூடச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் ரத்தம் கொதித்தது.

“முப்பது நாள் குடுத்தேன். தொண்ணூறு நாள் ஆச்சு. என்ன நெனச்சுக்கிட்டிருக்க?”

“இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க ஐயா. கார்த்திகை கழியட்டும். நானே வெட்டிடறேன்.”

“கார்த்திகையா! ஏன், அது வரைக்கும் கைய யாருக்காச்சும் வாடகைக்கு விட்டிருக்கியா?”

அவன் தரையைப் பார்த்தான். காரணம் கேட்டேன், அதற்கும் வாய் திறக்கவில்லை. கலைந்த தலை, சிவந்த கண், தாடி. கள்ளுக்கடையே கதியாகிவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஒரு தமிழன் நிலம் வாங்கி முன்னுக்கு வந்தான் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் இப்படியா போகவேண்டும் என்று வயிறெரிந்தது. வீட்டுக்கு வந்து அந்தச் சூட்டோடு மேலிடத்துக்கு எழுதினேன். ‘வேண்டுமென்றே உத்தரவை மீறுகிறான். பக்கத்துத் தோப்பு அழிகிறது. தக்க நடவடிக்கை தேவை.’ ‘வேண்டுமென்றே’ என்ற வார்த்தைக்குக் கீழே கோடும் போட்டேன்.

மேலிடம் ஐப்பசியில் பதில் போட்டது. விவசாய இலாகாத் துரை மறுநாள் காலை லாஞ்ச் படகில் வந்து தோப்பைப் பார்ப்பார். ஆறு மரமும் நின்றால் அங்கேயே பர்மிட்டை ரத்து செய்வார். சின்னத்தம்பி பதினைந்து நாளில் குடிசையைக் காலி செய்யவேண்டும். கடிதம் என் கைக்கு வந்தபோது காலை எட்டு மணி. நான் கேட்டதுதான் வந்திருக்கிறது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரே மிதியாக மிதித்தேன்.

கடல் கறுத்துக் கிடந்தது. காற்று எதிரே அடித்தது. வரப்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஏறியிருந்தது. சின்னத்தம்பி குடிசை வாசலில் மட்டை முடைந்துகொண்டிருந்தான். கடிதத்தைத் தமிழில் சொன்னேன். முடைந்த மட்டை கையிலிருந்து நழுவியது.

“நெலம் போயிருமா ஐயா?”

“நாளைக்குக் காலையில இந்த ஆறு மரமும் நின்னா போயிரும். இன்னிக்குப் பூரா நாள் இருக்கு. கோடாரிய எடு.”

“ஒரு மாசம் மட்டும் வாங்கிக் குடுங்க. உங்க கால்ல விழறேன்.”

“எதுக்குடா ஒரு மாசம்? அப்படி என்னடா வந்துச்சு உனக்கு?” என் சத்தத்துக்குப் பாரிட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாரிப் எட்டிப் பார்த்தார்.

குடிசைக் கதவு திறந்தது. வெள்ளையம்மா வெளியே வந்து நின்றாள். எட்டு மாத வயிறு. நிற்கிறபோதே ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள்.

“அவரத் திட்டாதீங்க ஐயா. என்னாலதான்” என்றாள்.

தாடி, கார்த்திகை, வெட்டாத மரம் எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. கள்ளுக்கடை எங்கேயும் இல்லை.

“சொல்ல வேண்டியதுதானே!” என்றேன். என் தப்பை மறைக்க அதையும் அதட்டலாகத்தான் சொன்னேன்.

“போன ரெண்டுக்கும் ஊரெல்லாம் சொன்னோம் ஐயா. தங்கலை” என்றாள் அவள். “ரெண்டாவது போனப்ப அவரு காடு வெட்டிக்கிட்டிருந்தாரு. மூணாவதுக்கு ஒரே ஒரு பாக்கு மரம். வேலிக்குன்னு வெட்டுனாரு. மூணாம் நாளு எனக்கு வலி வந்துருச்சு. அதான் இந்தத் தடவ ஒருத்தருக்கும் சொல்லலை. அவரும் கத்திய எடுக்கலை.”

“இது செத்த மரம்மா. செத்த மரத்துக்கும் வயித்துப் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்? படிச்சவன் சொல்றேன், கேளு. ஒண்ணும் ஆகாது.”

சின்னத்தம்பி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஆள் வைத்து வெட்டச் சொன்னேன். தான் சொல்லி ஒருத்தன் வெட்டினாலும் தானே வெட்டின மாதிரிதான் என்றான். சாரிப்பைக் கூப்பிட்டேன். பதினொரு மரம் பறிகொடுத்தவர், ஆசையோடு ஓடி வருவார் என்று நினைத்தேன். அவர் பாரிட் ஓரத்திலேயே நின்று கையை விரித்தார்.

“பந்தாங், துவான்” என்றார். அவர்கள் பாஷையில் துவான் என்றால் ஐயா, பந்தாங் என்றால் விலக்கு. அவர்கள் வீட்டிலும் இதே கட்டுப்பாடுகள் உண்டாம். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் தன் கோடாரிதான் காரணம் என்று ஆகிவிடும், பதினொரு மரம் போனது போகட்டும் என்று மலாயில் சொல்லிவிட்டார்.

அப்போது சின்னத்தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி ஒரு பார்வை.

“ஐயா, சர்க்கார் வெட்டட்டும். நான் சொல்லாம, நான் கேக்காம, சர்க்காரே வந்து வெட்டுனா அது என் தலையில ஏறாது. முன்னயெல்லாம் ஆளு வருமே.”

“இப்ப ஆளு ஏது? நான் ஒருத்தன்தான்.”

“நீங்கதான் சர்க்கார். உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையும் இல்லையே.”

யோசிக்க ஒன்றுமில்லை. சரியான பேச்சுத்தான். இவ்வளவு நேரம் படிச்சவன், படிச்சவன் என்று மார் தட்டியவன் நான். தொப்பியைக் கழற்றினேன். சட்டைக் கையைச் சுருட்டினேன். குடிசை ஓரத்தில் துருவேறிக் கிடந்த கோடாரியை எடுத்துக்கொண்டு முதல் மரத்துக்குப் போனேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளங்கையில் துப்பிக்கொண்டு ஓங்கினேன்.

கை இறங்கவில்லை.

முந்தின நாள்தான் லூசி என் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஐந்தாம் மாதம். “இருங்க, பேசாதீங்க” என்றாள். ஏதோ உள்ளேயிருந்து என் உள்ளங்கையை மெல்ல ஒரு தட்டுத் தட்டியது. அந்த இடம் இப்போது கோடாரிப் பிடிக்கு அடியில் இருந்தது. நான் நம்பவில்லை, சத்தியமாக நம்பவில்லை. அத்தை சொன்னதும் பொய், இவன் சொல்வதும் பொய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கோடாரியை இறக்கினேன். மறுபடி ஓங்கினேன். மறுபடியும் இறக்கினேன்.

“கோடாரி மழுங்கியிருக்கு” என்றேன்.

சின்னத்தம்பி என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் வந்தான்.

“வீட்டுல அம்மாவுக்கு எத்தனை மாசம் ஐயா?” என்று மெதுவாகக் கேட்டான்.

பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை. “அஞ்சு.”

அவன் சிரித்திருக்கலாம். ஐந்து மாதமாக அவனை மிரட்டியிருக்கிறேன், கள்ளுக்குடியன் என்று நினைத்திருக்கிறேன், கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அவன் காறித் துப்பியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்பக் கீழ வைங்க ஐயா” என்றான். “வேணாம். கீழ வச்சிருங்க. நெலம் போனாப் போகட்டும்.”

அதைவிட ஒரு அறை அறைந்திருக்கலாம்.

“போனாப் போகட்டுமா?” என்று ஒரு குரல் கேட்டது. வெள்ளையம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, நேரே எங்களிடம் வந்தாள். “நெலம் போனா பொறக்கப் போறது எங்க படுக்கும்? பாரிட்டுலயா? பத்து வருசமாச் சேத்துல நின்னேனே, எதுக்கு?”

“நீ உள்ள போ புள்ள” என்றான் சின்னத்தம்பி.

“புருஷன் வெட்டக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? பொஞ்சாதி வெட்டக்கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?” என் கையிலிருந்து கோடாரியைப் பிடுங்கிக்கொண்டாள். “தள்ளுங்க. ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. கிட்ட வந்தா உங்க மேலயே படும்.”

தள்ளி நின்றோம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான். ஒரு படித்த இன்ஸ்பெக்டரும் பத்து வருஷம் காட்டோடு மல்லுக்கட்டிய ஒரு விவசாயியும் தள்ளி நின்றோம். கால்களை அகட்டி ஊன்றி, இடுப்பை ஒருக்களித்து, அவள் முதல் வெட்டு வெட்டினாள். மரம் அதிர்ந்தது. இரண்டாவது வெட்டில் பட்டை கழன்றது. சின்னத்தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமி பேரைச் சொன்னான். மூன்றாவது. அவள் மூச்சு வாங்கும் சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. நான்காவது.

ஐந்தாவதுக்கு ஓங்கியவள் அப்படியே நின்றாள். கோடாரி தோளுக்குப் பின்னால் நழுவி விழுந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். “அம்மா” என்றாள். சின்னக் குரலில்தான் சொன்னாள்.

சாரிப் தன் வீட்டைப் பார்த்துப் பெண்டாட்டி பேரைக் கத்திக்கொண்டே பாரிட்டைத் தாண்டிக் குதித்தார். அவர் மனைவி பிரசவம் பார்க்கிறவள், குரல் கேட்டு ஓடி வந்தாள். சின்னத்தம்பி வெள்ளையம்மாவைத் தாங்கிக்கொண்டான். மூன்று பேருமாக அவளைக் குடிசைக்குள் கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

நான் மட்டும் மரத்தடியில் நின்றேன். கோடாரி காலடியில் கிடந்தது. எடுத்தேன்.

“இது சர்க்கார் வெட்டு!” என்று குடிசையைப் பார்த்துக் கத்தினேன். “கேட்டுக்க சின்னத்தம்பி! நீ சொல்லலை, நீ கேக்கலை! சர்க்கார் வெட்டுது!” கத்திவிட்டு வெட்டினேன்.

முதல் வெட்டில் என் உயிரே போய்த் திரும்பியது. இரண்டாவதில் மாதாவே என்றேன். அதற்குப் பிறகு ஜெபமும் வசவும் கலந்து வாயில் வந்தன. மாதாவையும் கூப்பிட்டேன், வண்டையும் திட்டினேன், துரையையும் திட்டினேன், அத்தையையும் விடவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் வெள்ளைப் புழு தெறித்து முகத்தில் விழுந்தது. லூசியின் வயிற்றை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று வெட்டினேன். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

முதல் மரம் விழுந்ததும் சாரிப் ஒரு கோடாரியோடு வந்து நின்றார். நிற்கிற மரத்தைத் தொடமாட்டேன், விழுந்த பிறகு அது விறகு, அதைப் பிளக்க விலக்கில்லை என்றார். நான் வெட்ட வெட்ட அவர் பிளந்தார். குடிசையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுகை வந்திருந்தால்கூட ஏதோ ஒன்று தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பயம். மூன்றாவது மரத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஐந்தாவது மரம் விழுந்தபோது மழை தூற ஆரம்பித்தது. நனைவதற்குள் காய்ந்த மட்டைகளைப் போட்டு நெருப்பு வைத்தோம். ஆறாவது விழுந்து புகை எழும்பியபோது மணி நான்கு இருக்கும்.

கதவு திறந்தது. சாரிப்பின் மனைவி வெளியே வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வலி நின்றுவிட்டது, பிள்ளை உள்ளே உதைக்கிறது, இனி ஒரு மாதத்துக்கு அந்தப் பெண் பாயைவிட்டு எழுந்தால் காலை ஒடிப்பேன் என்று மலாயில் சொன்னாள். நான் புழுவும் சேறுமாக அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றிருந்தது.

முடிவையும் சொல்லிவிடுகிறேன், யாரும் வீணாகப் பயப்பட வேண்டாம். மறுநாள் துரை வந்து சாம்பலை எண்ணினார். ஆறு குவியல். ‘குட்’ என்று சொல்லிவிட்டு லாஞ்சில் ஏறினார். ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. நிலம் சின்னத்தம்பியிடமே இருந்தது. கார்த்திகையில் அவனுக்குப் பெண் பிறந்தது. மாசியில் எங்களுக்கும் பெண். இரண்டும் இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன.

ஆனால் அன்று சாயங்காலம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நான் வீடு வந்து சேர்ந்தபோது லூசி என் கையைப் பார்த்துவிட்டாள். உரிந்த தோல், ரத்தம். “என்னங்க இது?” என்றாள். மறைக்கலாம் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மறைக்க முடியவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை சிலுவை போட்டுக்கொண்டு, சுவரிலிருந்த மாதா படத்துக்கு முன்னால் போய் முழங்காலில் விழுந்தார். லூசியின் கை தன்னால் வயிற்றுக்குப் போனது. அவள் உதடு வெளுத்துவிட்டது. திட்டப் போகிறாள், அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன்.

“அந்தப் பொண்ணு எத்தனை வெட்டு வெட்டுனா?” என்று கேட்டாள்.

“நாலு.”

“எட்டு மாசத்துக்காரி.”

“ஆமா.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“அவ நாலு வெட்டு வெட்டி முடிக்கிற வரைக்கும் நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“நின்னுக்கிட்டிருந்தேன்” என்றேன்.